குடுக்கையில் ஒரு பூ

காரைக்குடிக்கு ரயில் வராத காலம். பெத்தன் பெண்டாட்டி காளியாயிக்குக் கீரை விற்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஒருநாள் காய்ந்த சுரைக்குடுக்கையின் காம்பில் கயிறு கோக்கத் துளையிடும்போது, பழுக்கக் காய்ச்சிய கோணி ஊசி வழுக்கி, குடுக்கை மேல் கருங்கோடு இழுத்துவிட்டது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. கீரைக்கூடையோடு போகும் செட்டியார் வீட்டு நிலைக்கதவில் பார்த்த கொடியையும் பூவையும் குடுக்கை குடுக்கையாகச் சுட்டு வரைந்தாள். சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. பெத்தன் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டான்.

அந்த மாசியில் பெரிய குடுக்கை ஒன்றில் போட்ட பூதான் எல்லாவற்றிலும் அழகு. ஆனால் பூவின் நடுவே ஊசி ஆழமாக இறங்கி, ஓடு சில்லாகப் பெயர்ந்து, சுண்டுவிரல் நுழையும் ஓட்டை விழுந்துவிட்டது. தேன்மெழுகை அடைத்துக் கரியைத் தேய்த்தாள். பார்க்கிறவர்களுக்கு அதுவும் பூவாகத்தான் தெரியும்.

மறுநாள் பெத்தன், எட்டு வயது மகள் அம்மாக்கண்ணுவுக்கு நீச்சல் பழக்குவதற்காக முதுகில் கட்டக் குடுக்கை தேடினான். பூப்போட்டதுதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தாள். பெத்தன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நல்லாத்தேன் போட்டுருக்க” என்றான்.

பதினோரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அந்த நேரத்தில் ஓட்டையைப் பற்றி எப்படிச் சொல்வது? மெழுகு பிடித்துக்கொள்ளும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டாள். பாழாய்ப்போன பெருமை.

அவர்கள் போன பிறகு, வாசலில் கிடந்த மிச்ச மெழுகைத் தொட்டாள். வெயிலில் இளகி விரலில் ஒட்டியது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். கிணறு இரண்டு வயல் தள்ளி இருந்தது.

கிணற்றின் நடுவில் பிள்ளை தனியாகக் காலடித்துக்கொண்டிருந்தாள். குடுக்கை இருக்கிற தைரியத்தில் பெத்தன் தூரத்தில் மாட்டைக் கட்டப் போயிருந்தான். குடுக்கையிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. கத்தினால் பிள்ளை பயந்து விறைத்துப் போவாள். காளியாயிக்கோ நீச்சல் தெரியாது. கடைசிப் படிவரை இறங்கினாள்.

“அம்மாக்கண்ணு, இங்குட்டு வாத்தா. மெதுவா வா” என்று கொஞ்சுவதுபோல் கூப்பிட்டாள்.

பிள்ளை சிரித்துக்கொண்டே திரும்பினாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, வாய்க்கு வந்தது. சிரிப்பு நின்றது. காளியாயி ஒரு கையால் படிக்கல்லைப் பற்றிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் எட்டித் துழாவினாள். முடி கையில் சிக்கியது. இழுத்துப் படியில் போட்ட பிறகுதான் கத்தினாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பெத்தன் கயிற்றை அறுத்தான். குடுக்கையைக் கவிழ்த்ததும் பூவின் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“வண்டு தொளச்சிருக்கு. பாக்காமக் கட்டிவிட்டுப்புட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

காளியாயி பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவன் கையிலிருந்து குடுக்கையை வாங்கினாள்.

“வண்டு இல்ல, நான்தேன். ஊசி எறங்கிருச்சு. மெழுகு வச்சு அடச்சேன். நீங்க நல்லாருக்குன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல.”

பெத்தன் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருமி இருமித் தண்ணீரைக் கக்கிய பிள்ளைதான் முதலில் பேசினாள்.

“அப்பா, நாளைக்குப் பூ இல்லாததாக் கட்டிவிடுங்க.”