கேஸ் மூக்கு

டிக்கிக்குள் தலையை விட்டு, தரையோடு தரையாக மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். கும்பிடுகிறாரா, தூங்கிவிட்டாரா என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். புரொப்பேன் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் வாடையைத் தேடித்தான் அந்தச் சாஷ்டாங்கம்.

டர்போ வைத்த டீசல் கார்களுக்குப் புரொப்பேன் பூட்டிக் கொடுப்பது இவர் தொழில். டிக்கியில் சிலிண்டர், அங்கிருந்து என்ஜினுக்குக் குழாய், நடுவில், டிக்கியிலேயே, ஒரு வால்வு. என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ மூச்சுப் பிடித்து அழுத்தம் ஏறினால்தான் வால்வு திறக்கும். துளியூண்டு கேஸ் காற்றோடு கலந்து உள்ளே போகும்; மேட்டில் திணறுகிற வண்டி, யாரோ பின்னாலிருந்து தள்ளினாற்போல் ஏறும். கேஸ் போகிற துளை ஊசி முனைதான். பெரிதாக வைக்கச் சொல்பவர்களுக்கு ஒரே பதில்: "வைக்கலாமே. பிஸ்டன் உருகி ஒழுகுறவரைக்கும் பறக்கும்."

எல்லோரையும்போல் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஆனாலும் மூக்கு கையெழுத்துப் போடாமல் சாவி வெளியே போகாது. அந்த மூக்குக்காகவே பவுடர், மணக்கிற எண்ணெய், சிகரெட் எல்லாவற்றையும் தலைமுழுகியவர். சென்ட் அடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு வாசலோடு சரி. "அங்கேருந்தே பேசுங்க சார், எனக்குக் காது நல்லாக் கேக்கும்." பட்டறைத் தெருவில் இவர் பெயர் கேஸ் மூக்கு.

அந்த மூக்கு ஒருநாள் சளி பிடித்து அடைத்துக்கொண்டது. வண்டியோ தங்கச்சி வீட்டுக்காரருடையது. மலைமேல் வேலை மாற்றலாகி, சாமான் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு புறப்பட நிற்கிறார். பின் சீட்டில், சிலிண்டரை ஒட்டினாற்போல், தங்கச்சி கைக்குழந்தையோடு உட்கார வேண்டும்.

"நுரையில ஒரு குமிழி இல்ல மச்சான். சாவியக் குடுங்க, இருட்டுறதுக்குள்ள மலையேறணும்."

"மூக்கு இன்னும் பாக்கல மாப்ளே."

"உங்க மூக்கு திறக்கறதுக்குள்ள என் மகளுக்குக் கல்யாணமே முடிஞ்சிடும்."

"முடியட்டும். அதுக்கு அவ இருக்கணும்ல?"

மாப்பிள்ளை மூக்கையும் கடன் கேட்க முடியாது. மூக்குப்பொடி ஆசாமி, சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவர். தங்கச்சியோ குழந்தைப் பவுடரில் குளித்திருந்தாள். மிச்சம் இருந்தது மனைவி. காலையில், "எதுலயும் வாசனையே இல்ல" என்று இவர் தட்டைத் தள்ளிவைத்ததிலிருந்து அவள் முகம் கொடுக்கவில்லை.

இன்னொருவர் மூக்கை இதுவரை நம்பியவர் இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு வால்வை மறுபடி முகர்ந்து பார்த்தார்; ஒன்றும் ஏறவில்லை. பிறகு பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தாம்மா, கொஞ்சம் வந்து மோந்து பாக்கறியா?"

"நானா? என் சமையல்ல வாசனை இல்லன்ன வாயா கூப்பிடுது? அண்ணே, நீங்கதான் சாட்சி." மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே வந்து, மண்டி போட்டு, டிக்கிக்குள் தலையை விட்டாள்.

"வருதுங்க."

"எங்க?"

"உங்களுக்கு எங்க தெரியப்போவுது, தள்ளுங்க." இன்னும் உள்ளே போனாள். "இந்த நட்டுக்கு அடியில."

வால்வின் அடிப்பக்கம், டிக்கித் தகட்டை ஒட்டிய சந்து. மேலே தடவிய நுரை அங்கே இறங்கவே இல்லை. சிலிண்டரை மூடினார். நட்டைக் கழற்றி, வாஷரை மாற்றி முடுக்கினார். மறுபடி கேஸைத் திறந்து, விரலாலேயே நுரையை அடிவரைக்கும் அப்பினார். பழைய வாடை போகட்டும் என்று எல்லாக் கதவையும் திறந்துபோட்டுக் காத்திருந்தார்.

"இப்பப் பாரு."

அவள் வெகுநேரம் முகர்ந்தாள். "இல்ல."

"நல்லாப் பாரு."

"இல்லங்கறேன்ல!"

சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். டிக்கியிலிருந்து நிமிர்ந்த மனைவியின் மூக்கு நுனியில் சோப்பு நுரை ஒரு பொட்டாக ஒட்டியிருந்தது. தங்கச்சியும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டிருக்க, கையைத் திருப்பித் திருப்பி கிரீஸ் படாத ஓர் இடத்தைத் தேடிப்பிடித்து, அந்த நுரையை மெல்லத் துடைத்துவிட்டார்.