பாம்பன் பாலத்தில் நின்ற பஸ்

காலை எட்டு மணிக்கு ஏர்வாடியில் பஸ் ஏறினேன். பாம்பனில் பாத்து என்கிற என் தங்கச்சி மவுத்தாகிவிட்டாள். அவள் மகன் காசிம் விடியற்காலையில் போன் செய்து, "மத்தியானம் லுஹர் பாங்கு சொன்னதும் எடுத்துருவோம் பெரியம்மா, வெரசா வாங்க" என்றான். எங்களில் பொம்பளைகள் அடக்கம் பண்ணும் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து எடுக்கும் முன் முகம் பார்த்தால்தான் உண்டு.

கீழக்கரை, திருப்புல்லாணி தாண்டி ஒன்பதேகாலுக்கு ராமநாதபுரம் சேர்ந்தேன். அங்கிருந்து ராமேஸ்வரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். நடுவில் உச்சிப்புளி, மண்டபம், அப்புறம் கடல்மேல் பாலம். பாலம் இறங்கினால் பாம்பன். பதினோரு மணிக்குப் பாத்து பக்கத்தில் இருப்பேன் என்று நினைத்தேன்.

இந்த ரோடு பழைய ரோடு. சேதுபதி ராஜாக்கள் யாத்திரைக்காரர்களுக்காக வழிநெடுகச் சத்திரம் கட்டி வைத்த பாதை. மண்டபத்தோடு தரை முடிந்துவிடும். பாத்துவைக் கட்டிக்கொடுத்தபோது கடலுக்கு மேலே ரயில் மட்டும்தான். காரையும் லாரியையும்கூட ரயிலில் ஏற்றித்தான் தீவுக்குக் கொண்டுபோவார்கள். ரோட்டுப் பாலம் திறந்த வருசம் பாத்து முதல் பஸ்ஸிலேயே என் வீட்டுக்கு வந்து நின்றாள். "இனி ரயிலுக்குக் காத்துக் கெடக்க வேணாம் லாத்தா. நெனச்சா வந்துரலாம்" என்றாள்.

பத்தே முக்காலுக்குப் பாலம் ஏறினோம். பாதிகூடப் போகவில்லை, பஸ் நின்றுவிட்டது. விபத்து ஒன்றும் இல்லை. புது ரயில் பாலத்தைப் பார்க்க வந்தவர்கள் கார்களையும் வேன்களையும் ஓரமாக நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நிறுத்தக்கூடாது என்ற பலகைக்குக் கீழேயே ஒரு வேன். அதன் நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள். கண்டக்டரிடம் கேட்டேன். இப்போது நகர்ந்துவிடும் என்றார். அரைமணி கழித்தும் அதையேதான் சொன்னார்.

பன்னிரண்டாகிவிட்டது. ஆம்பளைகளுக்கு நடுவில் தனியே நடந்து எனக்குப் பழக்கமில்லை. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினேன்.

நடு ரோட்டை மறித்துக் காரோடு ஒரு குடும்பம் நின்றது. காரை எடுக்கச் சொல்லலாம் என்று வாய் திறக்குமுன் அதில் ஒரு பையன் செல்போனை என்னிடம் நீட்டினான்.

"பாட்டி, எல்லாரையும் சேத்து ஒண்ணு எடுத்துத் தாங்களேன்."

"எந்தங்கச்சி மையத்தாக் கெடக்கா. வண்டிய எடுங்க தம்பி."

அவன் முகம் சுருங்கியது. ஆனால் அவன் அப்பா, "ரெண்டே நிமிசம்மா" என்றார். கடலில் அந்த ரெண்டு நிமிசத்தில் என்ன மாறிவிடப் போகிறதோ! காரை எடுக்கவில்லை. நான் நடந்தேன். கடல் காற்று துப்பட்டியைப் பிடுங்கியது.

பாலம் இறங்கும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். நெரிசல் பாம்பன் வரைக்கும் நீண்டு கிடந்தது. ரோட்டோரத்தில் ஆம்பளைகள் கூட்டம், அவர்கள் தோளில் மையத்து வைத்த சந்தூக்கு. பாத்துவை எடுத்துவிட்டார்கள். பள்ளிவாசலும் கபர்ஸ்தானும் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒட்டி ஒட்டி நின்ற வண்டிகளுக்கு நடுவே சந்தூக்கு நுழைய இடமில்லை. காசிம் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் ஓடிவந்தான். ஒரு கடை வாசலில் சந்தூக்கை இறக்கச் சொல்லி, ஆம்பளைகளைத் திரும்பி நிற்க வைத்து, முகத்துத் துணியை விலக்கினான். பாத்துவைப் பார்த்தேன். தொடக்கூட நேரமில்லை. ஒரு வேன் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்து வழி விட்டுவிட்டார். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கூட்டத்தில் பின்தங்கிய பெரியவர் ஒருவர் ஆறுதலாகச் சொன்னார். "இந்த நெரிசல் இருந்ததால முகமாவது பாத்தீங்க. அல்லாவுக்கு நன்றி சொல்லுங்க."

அல்லாவுக்குச் சொல்வேன். நெரிசலுக்குச் சொல்லமாட்டேன். வேற்று ஆம்பளைகளிடம் எதிர்த்துப் பேசாதவள், அவரிடம் பேசினேன். "அது இல்லாட்டி பதினோரு மணிக்கே வந்து அவ தலைமாட்டுல உக்காந்திருப்பேன்."

அவர் சந்தூக்குக்குப் பின்னால் நடந்தார்.

மூன்றாம் நாள் சுபுஹு தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினேன். படம் பிடிக்கிறவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. பாலத்தைக் கடக்க ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை.