வேண்டாம் என்றால் வேண்டாம்

மும்பை தாராவியில் நம் ஆட்கள் யார் வீட்டுக்குப் போனாலும் டீ குடிக்கிறாயா என்று கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் அதையே சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை, சரி அரை கிளாஸ் போதும் என்று வாங்கி, முழு கிளாஸையும் குடித்துவிட வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் எப்படியோ தானாகவே ஒட்டிக்கொண்டது. ரெபேக்கா மட்டும் பதினெட்டு வயதில் நோட்டில் எழுதிவைத்துப் படித்தாள். படித்தும் பயனில்லை. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காகவே அந்தச் சந்தில் திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கியிருந்தாள்.

இருபத்தைந்து வயதில் ஒரு டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பேர் சொன்னார். அப்பா தாவீது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரெபேக்கா வயிறாரச் சாப்பிட்டாள். இத்தனை வருஷமாகத் தன்மேல் இருந்த கேஸ் தள்ளுபடியான நிம்மதி அவளுக்கு.

இப்போது வயது முப்பத்தொன்று. ஆட்டிசம் உள்ளவர்களைக் கொண்டே ஆட்டிசத்தைப் பற்றிப் பள்ளிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன அமைப்பு செம்பூரில் இருக்கிறது. அதில் அவளும் ஒரு பயிற்சியாளர். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். நடப்பது வேறு. மாட்டுங்காவிலிருந்து வரும் சைக்காலஜிஸ்ட் ஷ்யாமளா ஒன்றே முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசிப் பதினைந்து நிமிஷம் ரெபேக்கா எழுந்து தன் கதையைச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார்கள். நாலு வருஷமாக ஊரை அழவைத்து அவளுக்கு அலுத்துவிட்டது. இரண்டு மணி நேரமும் நானே எடுக்கிறேன் என்று மூன்று முறை எழுதிக் கேட்டாள். ஷ்யாமளா ஒரே ஒரு முறைக்குச் சம்மதித்தார். நன்றாக வந்தால் இனி வகுப்பு அவளுடையது. சொதப்பினால் பழையபடி பதினைந்து நிமிஷம்.

அந்த ஒரு முறை எங்கே போய் வாய்த்தது என்றால், தாராவியில் அவள் வளர்ந்த அதே சபையில், சண்டே ஸ்கூல் டீச்சர்களுக்கு. அவர்களுக்குத் தலைவி ஜெபக்கனி டீச்சர். ரெபேக்காவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது, ஆண்டு விழாவில் மனப்பாட வசனம் சொல்லாமல் மைக் முன்னால் விழித்ததற்காக, விழா முடியும்வரை அவளை மேடை ஓரத்தில் நிற்க வைத்தவர்.

ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் ரெபேக்கா ஒரு தாள் அனுப்புவாள். ஃபேனை மெதுவாக வையுங்கள், மைக் வேண்டாம், கை தட்ட வேண்டாம், சால்வை போர்த்த வேண்டாம். சபைக் கமிட்டியில் அதை வாசித்தபோது எல்லோரும் உருகிப்போனார்கள். சால்வை போடவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தாவீது மகளுக்கு என்ன தாழ்மை என்று பேசிக்கொண்டார்கள். இவ்வளவு அடக்கமான பிள்ளைக்குச் சாதாரண சால்வை போதாது என்று ஜெபக்கனியே சயான் வரைக்கும் போய், கரை முழுக்க ஜரிகை வைத்து மொடமொடவென்று இருந்த ஒன்றைத் தேடி வாங்கிவந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் போதகர் ஜெபம் முடித்ததும், ஜெபக்கனி சால்வையை விரித்துப் போர்த்திவிட்டார். பதினெட்டு டீச்சர்களும் கை தட்டினார்கள். மேலே ஃபேன் தடதடத்தது. கழுத்தில் ஜரிகை உரசியதும், ரெபேக்கா மனதில் அடுக்கி வைத்திருந்த முதல் வாக்கியம் போனது. பின்னாலேயே இரண்டாவதும் போனது. வாய் திறக்க வரவில்லை. அதே ஹால், அதே மேடை, அதே டீச்சர். ஷ்யாமளா பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து, "நான் வேணா ஆரம்பிச்சு வைக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். தலையை ஆட்டினால் போதும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் ஆயுசுக்கும் பதினைந்து நிமிஷம்தான் என்பது ரெபேக்காவுக்குத் தெரிந்தது.

"வேண்டாம் மேடம்," என்றாள். சால்வையை உருவி மேஜைமேல் வைத்தாள். ஜெபக்கனியின் முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், மரியாதைக்கு வேண்டாம்னு நான் எழுதல. வேண்டாம்னுதான் எழுதுனேன். கொஞ்சம் இங்க வந்து உக்காருங்க."

தயாரித்து வைத்திருந்த பாடம் போகட்டும், இருப்பதை வைத்து நடத்துவோம் என்று முடிவு செய்துவிட்டாள். ஜரிகை கழுத்தில் குத்துகிற மாதிரி சால்வையை ஜெபக்கனிக்குப் போர்த்தினாள். ஃபேனை முழு வேகத்தில் வைக்கச் சொன்னாள். அனிஷா என்ற இளம் டீச்சரை எதிரே உட்கார்த்தி, கண் கொட்டாமல் ஜெபக்கனியையே பார்க்கச் சொன்னாள். மற்றவர்கள் நிறுத்தாமல் கை தட்ட வேண்டும். தட்டச் சொன்னவள் தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். ஜெபக்கனி அந்தப் பழைய மனப்பாட வசனத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம். மூன்றாவது வரியில் தடுக்கியது. திரும்ப ஆரம்பித்தார். அங்கேயே மறுபடியும் நின்றுவிட்டது.

ரெபேக்கா கைதட்டலையும் ஃபேனையும் நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை.

"இது ஆட்டிசம் இல்ல," என்றாள். "சால்வையக் கழட்டிட்டா டீச்சருக்கு முடிஞ்சுது. எனக்குக் கழட்ட முடியாது. அதனாலதான் ஃபேனைக் குறைங்கன்னு உங்ககிட்ட கேக்கேன்."

அதன்பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முகத்தைப் பார்க்காத பிள்ளை பாடத்தைக் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள், பெஞ்சுக்கு அடியில் போனால் இழுக்காதீர்கள், ஒரு தடவை கேளுங்கள், சொன்ன பதிலை நம்புங்கள் என்று மிச்ச நேரம் முழுக்கப் பேசினாள். தன் வகுப்பில் ஒரு பெண் உட்காராமல் நடந்துகொண்டே இருக்கிறாள் என்றாள் அனிஷா. அவள் நடந்துகொண்டேதான் கேட்கிறாள், நடக்க விடுங்கள் என்றாள் ரெபேக்கா. இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட அழவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதில் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முடிந்ததும் ஷ்யாமளா டைரியைத் திறந்தார். அடுத்த மாதம் விக்ரோலியில் ஒரு பள்ளி, அதையும் அவளே எடுக்கட்டும் என்றார். "எனக்குக் கடைசில ஒரு கால் மணி குடு, போதும்," என்று சிரித்தார்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபோது ஜெபக்கனி சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ரெபேக்காவிடம் வந்தார்.

"ஏட்டி, அன்னைக்கு உனக்கு வசனம் தெரியுமா?"

"அந்த அதிகாரம் முழுசும் தெரியும் டீச்சர்."

ஜெபக்கனிக்குக் கண் கலங்கியது. மன்னித்துக்கொள் என்று சொன்னாரா என்பது யார் காதிலும் விழவில்லை. கெட்டிலை எடுத்தார்.

"டீ குடிக்கியா?"

"வேண்டாம் டீச்சர்."

வழக்கப்படி இன்னும் இரண்டு முறை கேட்க வேண்டும். ஜெபக்கனி கேட்கவில்லை. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, ரெபேக்காவுக்குப் பக்கத்தில், நடுவே ஒரு நாற்காலி இடம் விட்டு உட்கார்ந்தார்.