வந்தவரை போதும்

குழாயில் தண்ணீர் வராத வீட்டுக்காரர்களுக்கெல்லாம் அம்மாவின் குரல் பழக்கம்; முகம் தெரியாது. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில், சன்னலோர மேசையில், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை தொலைபேசி எடுத்தவள். யார் பேசினாலும் குறுக்கிட மாட்டாள். வாக்கியத்துக்கு ஒரு "ம்". எதிர்முனையில் பேச்சு நின்றால் அவளும் காத்திருப்பாள்.

"லைன் கட்டாயிடுச்சு, வைங்கக்கா" என்பார்கள் பக்கத்து மேசையில்.

"பேசாம இருந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தமா? அவங்க வாயால சொல்லட்டும்."

அதன் பிறகுதான் பேனா மூடியைக் கழற்றுவாள்.

மகள் நேர் எதிர். சர்வர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் நிரல் எழுதுகிறவள். வீட்டுக்கு ஃபோன் செய்தால், "விஷயத்துக்கு வாம்மா" என்பதுதான் முதல் பேச்சு.

அம்மா போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. குடிநீர் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர், எல்லோரும் 'சுருட்டை' என்று கூப்பிடுபவர், காலையில் மகளை அழைத்தார்.

"அக்கா பேசின ஃபோன் கால் ஒண்ணு ரெக்கார்டாகி பழைய சர்வர்ல இருக்கும்மா. புதுசா சேர்றவங்களுக்குப் போட்டுக் காட்டுவோம். மேல கேட்டு அனுமதி வாங்கிட்டேன். சாயங்காலம் அந்த மெஷினைக் கழட்டிடுவாங்க. அதுக்குள்ள எடுத்துக்க."

அம்மா குரலென்று வீட்டில் வேறு எதுவும் இல்லை. மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள்; அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சர்வர் எதையும் மொத்தமாகக் கொடுக்காது. துண்டு துண்டாக அனுப்பும். ஒவ்வொரு துண்டு வரும்போதும் நிரலுக்கு 'டேட்டா' என்று தகவல் வரும். எல்லாம் தீர்ந்ததும் 'எண்ட்'. வேலையில் தினமும் ஓட்டும் நிரலையே மகள் எடுத்து ஓட்டினாள். துண்டுக்கு ஒரு புள்ளி திரையில் விழுந்தது. நின்றது. ஒலிக்கவிட்டாள்.

"குடிநீர் புகார்ப் பிரிவு, சொல்லுங்க."

அப்பாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெரியவர் குழாயைப் பற்றி ஆரம்பித்து முழங்கால் வலிக்குப் போனார். "ம்" என்றாள் அம்மா. அத்தோடு அறுந்தது.

"அப்புறம்? அந்த ஆள் என்ன சொன்னார்?"

"ஃபைல் கெட்டுப்போச்சுபோல இருக்குப்பா."

மறுபடி ஓட்டினாள். இந்த முறை முழங்காலைத் தாண்டி, ஃபோனே பண்ணாத மகன்வரை வந்தது. அடுத்த முறை குழாயிலேயே நின்றுவிட்டது. கெட்ட கோப்பு ஒரே இடத்தில் அல்லவா அறுபட வேண்டும்? நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். அவளே எழுதிய வரி இருந்தது: கொஞ்ச நேரம் துண்டு எதுவும் வராவிட்டால், வந்தவரை போதும், மூடிவிடு. வாடிக்கையாளரைக் காக்கவைக்கக் கூடாதென்று எழுதியது. அவள் அலுவலகத்தில் அதற்குக் கைதட்டினார்கள்.

"என்னாச்சு கண்ணு?"

"பழைய மெஷின்ப்பா. நடுநடுவுல மூச்சு வாங்குது. நான் செத்துப்போச்சுன்னு நெனச்சு மூடிட்டேன்."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அப்பா காதில் விழாததுபோல் கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த வரியை எடுத்துவிட்டு, 'எண்ட்' வந்தால் மட்டும் முடி என்று எழுதி ஓட்டினாள். புள்ளிகள் விழுந்தன. நின்றன. வெயில் மேசையின் பாதியைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் என்றால் எத்தனை மணிக்கு என்று சுருட்டையிடம் கேட்டுவைக்கவில்லை. நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டலாமென்று விரல் போனது.

"இரு" என்றார் அப்பா. "பஸ் ஸ்டாப்புல உங்கம்மாகிட்ட, 'உன்னைக் கட்டிக்க'ன்னு ஆரம்பிச்சேன். மேல வாய் வரல. பஸ் வந்து போயே போச்சு. அவ அசையணுமே!"

"அப்புறம் சொன்னீங்களா?"

"அடுத்த பஸ்ஸும் போச்சு. அதுக்கப்புறம் சொன்னேன்."

ஒரு புள்ளி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. கடைசியில் 'எண்ட்'.

பெரியவர் மகனைப் பற்றிச் சொல்லிவிட்டு மௌனமானார். நீண்ட மௌனம். "இருக்கேங்க, சொல்லுங்க" என்றாள் அம்மா. இன்னும் கொஞ்சம் மௌனம். "அவ்வளவுதாம்மா." பேனா மூடி கழன்ற சத்தம் கேட்டது. தெருப் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவர் வைத்துவிட்டார்.

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. பக்கத்து மேசையைப் பார்த்துச் சொல்லியிருப்பாள்:

"அப்பாடா! என் வீட்டுக்காரரையே தோக்கடிச்சுட்டாரு இந்த மனுஷன்."

அப்பா வெடித்துச் சிரித்தார். இந்த மாதத்தில் முதல் தடவை.

"திரும்பப் போடு."

"கடைசி மட்டுமாப்பா?"

"முதல்லேருந்து. நடுவுல கை வைக்காத."