பத்மா அக்கா யாரையும் வெளியே தள்ளவில்லை

பத்மா அக்கா போயிட்டாங்க.

ஓசூர் பக்கம் மத்திகிரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாங்களே, அதே அக்கா. நேற்று சாயங்காலம் ஹார்ட் அட்டாக்... ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

அழுகையில் எழுதலை. கோபத்தில்தான் எழுதறேன்.

காலையிலிருந்து எங்கள் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் கை கூப்புற எமோஜியா கொட்டுது. "நம்மை வழிநடத்திய தெய்வம்" என்று ஒருத்தர் போட்டிருக்கார். இதே ஆள்தான் ஒரு காலத்தில் அக்காவை அவங்க சென்டரிலேயே வைத்து திருடி என்று கத்தினவர். பேர் போடலை. அவருக்கே தெரியும்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன்.

அது பவர்கட் காலம். ஓசூரில் பாதிப் பேருக்கு பிட்காயின் என்ற பேரே தெரியாது. ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிற நாங்கள் கொஞ்சம் பேர், மத்திகிரி வாடகை வீடுகளில் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வைத்து காயின் மைனிங் பண்ணினோம். கம்ப்யூட்டர் ராப்பகலா கணக்குப் போடும், அதுக்குக் கூலியா காயின் கிடைக்கும்.

தனித்தனியாகப் பண்ணினால் ஒன்றும் தேறாது. அதனால் அக்கா ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து எங்கள் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அதில் இணைத்தாங்க. எல்லாம் சேர்ந்து வேலை செய்யும், கிடைக்கிறதை வேலைக்குத் தக்கபடி பிரித்துக்கொள்வோம். மைனிங் பூல் என்பார்கள். எங்களுடையது ரொம்பச் சின்ன பூல்...

அந்தச் சின்னதையும் விடலை. எவனோ ஒருத்தன் மெயில் போட்டான், காயின் அனுப்பு, இல்லைன்னா உன் சர்வரை முடக்கிடுவேன் என்று.

அக்கா அனுப்பலை. மறுநாளே சர்வர் மேல் பொய் ரிக்வெஸ்டா வந்து விழுந்தது. டிக்கெட் எடுக்காத கூட்டம் பஸ் படிக்கட்டை அடைத்துக்கொண்டால் டிக்கெட் எடுக்கிறவன் எப்படி ஏறுவான்? எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றுகூட உள்ளே போகலை.

கேட்டதைக் கொடுத்துத் தொலைக்கலாமே என்று எங்கள் ஆட்களே சொன்னார்கள். இன்னைக்குக் கொடுத்தால் அவன் மாசாமாசம் வருவான், நான் கொடுக்கமாட்டேன் என்றாங்க அக்கா.

இதில் சர்வர் வாடகைக்கு விட்ட கம்பெனிக்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? உங்களால் எங்கள் மற்ற கஸ்டமருக்குத் தொந்தரவு என்று எங்கள் லைனையே கட் பண்ணிவிட்டான்.

போனில் அக்கா குரலை உயர்த்தலை. நான் பக்கத்தில் இருந்தேன்.

"அடிக்கிறவன விட்டுட்டு அடி வாங்கறவளத்தான் வெளிய தள்ளுவீங்களா சார்? நல்லா இருக்குது உங்க நியாயம்."

இப்போ நினைத்தாலும் எனக்குக் கொதிக்குது...

வேறு கம்பெனியில் சர்வர் எடுத்தாங்க. இந்தத் தடவை சர்வர் வாசலில் காவலுக்கு ஒரு புரோகிராம். ஒரே இன்டர்நெட் அட்ரஸிலிருந்து ஒரே நேரத்தில் நிறையப் பேர் தட்டினால் அந்த அட்ரஸையே பிளாக் பண்ணிவிடும்.

தாக்குதலை நல்லாவே தடுத்தது. ஆனால் அக்கா ஒன்றை யோசிக்கலை.

மத்திகிரி லைன் வீடுகளில் எல்லாருக்கும் ஒரே கேபிள்காரர் நெட். வெளியே இருந்து பார்த்தால் அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே அட்ரஸ்தான். சாயங்காலம் கரண்ட் வந்தது. எல்லா வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் உயிர் வந்து சர்வர் கதவைத் தட்டியது.

காவல் பயந்துபோய் மொத்த மத்திகிரியையும் பிளாக் பண்ணிவிட்டது. கெலமங்கலத்திலும் ராயக்கோட்டையிலும் வேறு நெட்டில் இருந்து எங்கள் பூலில் சேர்ந்திருந்த நாலைந்து பேர் மட்டும் உள்ளே.

அவ்வளவுதான். நம்மைத் தள்ளிவிட்டு மிச்ச ஆட்களோடு பங்கு போடறா என்று கிளப்பிவிட்டார்கள். நம்ம "தெய்வம்" சார் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே சென்டருக்கு வந்தார். அங்கே டேலி அக்கவுண்ட்ஸ் படிக்கிற பொண்ணுங்க எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க...

"கம்ப்யூட்டர் சென்டர்னு போர்டு வெச்சிக்கினு சீட்டு கம்பெனி நடத்தறியா? திருடி."

அக்கா கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து பார்த்தாங்க, என்ன ஆச்சு என்று கண்டுபிடித்தாங்க, பிளாக்கை எடுத்தாங்க. அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினாங்க.

"தப்பு என்னுதுதான். நம்ம எல்லாத்துக்கும் ஒரே நெட்டுன்றத நான் மறந்துட்டன். ஆனா உங்கள நான் தள்ளல."

முதல் பாதியைத்தான் அந்த ஆள் ஊரெல்லாம் சொன்னார். தப்பு அவளுதுன்னு அவளே ஒத்துக்கிட்டா என்று.

அக்கா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாங்க. கன்னடக்காரங்க வீட்டில் கன்னடம், தெலுங்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். எல்லார் வீட்டிலும் ஒரே விஷயம்தான். கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக முட்டாதீங்க, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து, இந்த லைன் உடனே, அடுத்த லைன் கொஞ்சம் கழித்து என்று அவங்களே மாற்றி வைத்தாங்க. கத்தின ஆள் வீட்டுக்கும் போனாங்க. அவர் சம்சாரம் காபி கொடுத்தாங்க, அவர் ரூமை விட்டு வெளியே வரலை.

அதற்கப்புறமும் தாக்குதல் வந்தது. எங்கள் பூல் விழலை. அவனே சலித்துப்போய் விட்டுவிட்டான்.

மெயில் போட்டவன் போயிட்டான். ஊர் வாய் போகலை.

அந்தச் சென்டருக்குப் பொண்ணுங்களை அனுப்பாதீங்க என்று பேசினார்கள். டேலி பேட்ச் காலியானது. ரெண்டு வருஷம் கழித்து பூலை மூடும்போது, அவரவர் பங்கு அவரவருக்குப் போய்ச் சேரும்வரை சர்வரை ஓட்டிவிட்டுத்தான் மூடினாங்க. நம்ம சாரும் வாங்கிக்கொண்டார். ஒரு தேங்க்ஸ் கிடையாது. அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

அக்கா உயிரோடு இருந்தவரை அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாங்க. போன தீபாவளிக்குப் பார்த்தபோதுகூட, சிரித்துக்கொண்டேதான் கேட்டாங்க.

"அவரு இன்னும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருக்காரா?"

இல்லைக்கா என்று சொல்லி வைத்தேன்...

சார், அந்த தெய்வம் போஸ்டை எடுத்துடுங்க. அதற்குப் பதில் "அவங்க நம்மைத் தள்ளலை" என்று ஒரே ஒரு வரி போடுங்க. அதே குரூப்பில். எல்லாரும் பார்க்கட்டும்.

நாளைக்குக் காலையில் எடுக்கறாங்க. பண்ணை பஸ் ஸ்டாப்பில் இறங்கி, கோயில் சந்தில் அக்கா வீடு. கிளம்பி வர்றவங்க கவனிங்க, சந்து சின்னது, வாசல் அதைவிடச் சின்னது.

எல்லாரும் ஒன்றாக முட்டாதீங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க.

போயிட்டு வாங்கக்கா.