இன்னா டாடி, இப்டி பண்ணிட்டீங்க?

என் வீட்டுக்காரருக்கு உலகத்தில் இரண்டே சொல்தான். ஒன்று பாஸ், இன்னொன்று ரிஜெக்ட். ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் சேர்ந்த நாளிலிருந்து ஃபைனல் செக்கிங்கில் உட்கார்ந்திருக்கிற மனுஷர். இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் வைத்து, தோலின் நிறம் ஒத்துப்போகிறதா, தையல் கோணியிருக்கிறதா என்று பார்த்துப் பெட்டிக்குள் அனுப்புகிறவர். அங்கே பார்த்தது போதாதென்று வீட்டுக்கு வந்து என் குழம்பையும் பார்ப்பார். நன்றாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு "பாஸ்" என்பார். உப்பு கம்மியாகிவிட்டால் வாயே திறக்கமாட்டார், தட்டை மட்டும் லேசாகத் தள்ளி வைப்பார். அன்றைக்கு எனக்கு வருகிற கோபம் கர்த்தருக்குத்தான் தெரியும்.

அவர் பேர் ஜெயகரன். நான் ஞானசுந்தரி, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊருக்கே நான் 'சிஸ்டர்', கோபம் வந்தால் அவருக்கும் சிஸ்டர்தான். எங்களுக்கு ஒரே பெண், ரெனிட்டா. அவளும் நர்சுக்குப் படித்தாள். 2002-ல் அயர்லாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்துவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற அப்துல் வஹீத் பாய் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் கோத்துக் கொடுத்திருந்தார். விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. என் வீட்டுக்காரர் அதைத் தொடவே பயப்படுவார். மௌசை, பல்லியைப் பிடிக்கிறமாதிரி பிடிப்பார். "நான் போய்ட்டா மெயில் யார் பார்க்கறது?" என்று கவலைப்பட்ட ரெனிட்டா, அவர் பயம் போகட்டும் என்று மைக்கைச் சொருகி, தன் குரலையே பதிந்து அதற்குள் வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரைப் போட்டால், "ஸ்தோத்திரம் டாடி, வந்துட்டீங்களா?" அணைத்தால், "சரி, போய் சாப்டுங்க, மம்மி கத்துது." ஏதாவது தப்பாக அழுத்திவிட்டால், "இன்னா டாடி, இப்டி பண்ணிட்டீங்க?"

மம்மி கத்துதாம்! நான் அடுப்படியில் வாயைத் திறக்காமல் நின்றாலும் தினமும் அது அப்படித்தான் சொல்லும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு எப்படி இருக்கும்?

பயம் தெளிந்த மனுஷர் கம்ப்யூட்டரில் சீட்டாடக் கற்றுக்கொண்டார். சபையில் கமிட்டி மெம்பர், வீட்டில் சீட்டாட்டம். அதைக்கூட மன்னித்துவிடுவேன். இன்னொரு பழக்கம் வந்தது. பிளாப்பி போடாத காலி டிரைவைப் போய் அழுத்துவார். அது கரகரவென்று இழுத்துவிட்டு, உள்ளே பிளாப்பி இல்லையே என்று தவிக்கும். உடனே ரெனிட்டா உள்ளேயிருந்து திட்டுவாள். "இன்னா டாடி, இப்டி பண்ணிட்டீங்க?" இவர் சிரிப்பார். மறுபடியும் அழுத்துவார். மறுபடியும் திட்டு.

"இன்னாங்க, தெரிஞ்சே தப்பு பண்றீங்களே, வெக்கமா இல்ல?"

"தப்பு பண்ணாதான ஞானம் அது பேசுது."

இதில் வேறொன்றும் இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. அங்கே அவளோடு தங்கியிருந்த பெண்கள் பாதிப் பேர் மலையாளம், மீதிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். இவள் "இன்னா" என்றாலே விழுந்து விழுந்து சிரித்தார்களாம். பெண் மெல்ல மெல்ல மாறிவிட்டாள். போன் செய்தால், "என்ன டாடி, எப்படி இருக்கீங்க?" என்பாள். எல்லாம் சுத்தமாக, ரேடியோவில் பேசுகிறமாதிரி. தப்பே சொல்ல முடியாது. ஆனால் போனை வைத்ததும் இவர் நேராகப் போய்க் காலி டிரைவை அழுத்துவார். எங்கள் ஊர் ரெனிட்டா அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் மிச்சமிருந்தாள்.

2005-ல் ஊருக்கு பிராட்பேண்ட் வந்தது. ரெனிட்டா யாரோ லீவில் வந்தவர்களிடம் ஒரு குட்டிக் கேமரா கொடுத்தனுப்பினாள். அதை வைத்தால் முகம் பார்த்துப் பேசலாம். நான் அன்றைக்கே தலைவாரிக்கொண்டேன். வஹீத் பாய் வந்து சொருகிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, இது தொண்ணூத்தெட்டுல ஓடாது. எக்ஸ்பி போடணும். மெமரியும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக்கலாம்."

"போட்டா பழசெல்லாம்?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போடறதுதாண்ணே நல்லது. பழசு மேலயே போட்டா பின்னாடி பேஜார்."

இவர் முகம் சுருங்கிப்போயிற்று. "யோசிச்சு சொல்றேன் பாய்" என்று அனுப்பிவிட்டார்.

யோசித்தார், யோசித்தார், அப்படி யோசித்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து முடியட்டும் என்றார். லெந்தில் புதுத்துணிகூட எடுக்கமாட்டோம், புது சிஸ்டம் எதற்கு என்றார். ஈஸ்டர் வந்தது, போனது. எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டரைப் பார்க்க வஹீத் பாய் கடைக்கே போனார். பச்சைப் புல்வெளியும் நீல வானமும் திரையில் தெரிந்ததாம். "பார்க்க நல்லாதான் கீது" என்றார் வீட்டுக்கு வந்து. "ஆனா வாயே திறக்கல."

எனக்குப் பொறுமை ஏது? ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துக் கேட்டேவிட்டேன்.

"பொண்ணு மூஞ்சிய பார்த்து மூணு வருஷம் ஆகுது. அது இளைச்சிச்சா, பெருத்துச்சா, ஒண்ணும் தெரியல. உங்களுக்கு அந்த டப்பாக்குள்ள கீற குரல்தான் பெருசா?"

"திருப்பி பேசச் சொன்னா அது 'என்ன டாடி'ன்னுதான் பேசும், ஞானம். அந்தக் குரல் மறுபடியும் வராது."

அது எனக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. "குரல் மட்டும் இருந்தா அது ஒத்தக்கால் ஷூங்க. ஜோடி இல்லாம வந்தா நீங்க பாஸ் போடுவீங்களா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "மாட்டேன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வஹீத் பாயை வரச் சொன்னோம். அவர் வருவதற்கு முன்னால் குரலைக் காப்பாற்றுகிற வேலையை இவரே எடுத்துக்கொண்டார். திரையில் 'டாடி வாய்ஸ்' என்று ரெனிட்டா வைத்துவிட்டுப் போன மூன்று படங்கள் இருந்தன. மூலையில் குட்டி அம்பு ஒன்று வளைந்துகொண்டு நிற்கும். மூன்றையும் இழுத்துப் புது பிளாப்பியில் போட்டார். செக்கிங் ஆசாமி சும்மா விடுவாரா? பிளாப்பிக்குள் போய் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். ஸ்தோத்திரம் டாடி. மம்மி கத்துது. இன்னா டாடி. மூன்றும் கணீரென்று பேசின. "பாஸ்" என்று சொல்லி, பிளாப்பியை எடுத்து வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"காப்பியெல்லாம் எடுத்துட்டீங்களாண்ணே?" என்று வஹீத் பாய் கேட்டார்.

"எடுத்து, செக் பண்ணி, ரெடியா கீது."

பாய் அழித்தார். புதிதைப் போட்டார். நான் டீ போட்டுக் கொடுத்தேன், திரையில் பச்சைப் புல்வெளி வந்தது. இவர் பிளாப்பியைச் சொருகித் தட்டினார். டொய்ங் என்றது. இன்னொன்றைத் தட்டினார். டொய்ங். பாய் குனிந்து பார்த்தார். படத்தின் மூலையிலிருந்த குட்டி அம்பை விரலால் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே... அம்பு போட்டிருந்தா அது வெறும் அட்ரஸ்ணே. ஆள் அதுல இல்ல. ஆள் கம்ப்யூட்டர் உள்ள இருந்துச்சு. நீங்க தட்டினப்போ அங்கேர்ந்துதான் பேசியிருக்கு. இப்போ நாம வீட்டையே இடிச்சிட்டோமே."

"நான் செக் பண்ணனே பாய்" என்றார் இவர்.

ரொம்ப நாளாக எத்தனையோ வீம்புக்கு அவரை நான் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஆறிப்போன அவர் டீயைத் திரும்பச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தேன். பாய் பாவம், கடையிலிருந்து ஏதேதோ சிடி எடுத்து வந்து, போனதைத் தோண்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார், இவர்தான் ஓடிப்போய் சட்டைப்பையில் திணித்தார். திரும்பி வந்து, "ரெனிட்டாகிட்ட சொல்லாத. மனசு கஷ்டப்படும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, சர்ச்சுக்குப் போன புடவையைக்கூட மாற்றாமல் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். இவர் பக்கத்தில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தமாதிரி விறைப்பாக இருந்தார். திரை கட்டம் கட்டமாகக் கலங்கித் தெளிந்தது. என் பெண்! முடியை வெட்டிக்கொண்டிருந்தாள், பாவி. கன்னம் ஒட்டியிருந்தது. தடியாக ஒரு ஸ்வெட்டர். எனக்கு உடனே அழுகை வந்துவிட்டது.

"மம்மி, ஏன் அழறீங்க? டாடி, எப்படி இருக்கீங்க? என்ன சாப்பிட்டீங்க?"

"நல்லா இருக்கேன்மா. சாப்ட்டேன்" என்றார் இவர்.

"என்ன டாடி, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லமா."

ஒன்றுமில்லையாம்! அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் தாங்க முடியவில்லை. ரகசியத்தை வைத்துக்கொள்கிற வயிறு எனக்குக் கிடையாது. "ஒண்ணுமில்லயா? ஏய் ரெனிட்டா, நீ பேசி வச்சிட்டுப் போனியே, அத உங்கப்பா அழிச்சிட்டாருடி. அம்பு போட்டத காப்பி எடுத்து வச்சிகினு, ஆள அழிச்சிட்டாரு. நேத்துலேர்ந்து சரியா சோறு எறங்கல அவருக்கு."

அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். படம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுபோயிற்று. குரல் மட்டும் வந்தது.

"இன்னா டாடி, இப்டி பண்ணிட்டீங்க?"

அதேதான். அதே இழுப்பு, அதே செல்லம், கடைசியில் அதே தூக்கல். அயர்லாந்தும் இல்லை, திருநெல்வேலியும் இல்லை, முழுக்க முழுக்க ஆம்பூர். அவளுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார்.

"இன்னா டாடி நீங்க!" என்றாள். அப்புறம் அவளும் அழுதாள். நானும் அழுதேன். நன்றாக மூன்று பேரும் அழுது முடித்த பிறகுதான் அவள் அன்றைக்கு என்ன சமைத்தாள் என்றே கேட்டோம். வைக்கும்போது அவள், "சரி, போய் சாப்டுங்க, மம்மி கத்துது" என்றாள். நான் கத்தவேயில்லை. இருந்தாலும் முதல்முறையாக அது காதுக்கு இதமாக இருந்தது.

அடுத்த வாரம் வஹீத் பாய் மைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, பாப்பா பேசும்போது ரெக்கார்ட் பண்ணி முன்ன மாதிரியே வச்சிரலாம். எக்ஸ்பிலயும் வரும்."

இவர் வேண்டாம் என்றார். "அது ஒரே திட்டைத்தான் பாய் திட்டும். இது வாரத்துக்கு ஒண்ணு புதுசா திட்டுது."

அன்றிலிருந்து வாரம் முழுக்க ஒரு தப்பைத் தேடிப் பிடித்து ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைக்கிறார். ஒரு வாரம், பாலைப் பொங்க விட்டார். ஒரு வாரம், சோளிங்கருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வேலூரிலேயே இறங்கிவிட்டேன் என்றார், அது பச்சைப் பொய். போன ஞாயிறு சர்ச்சிலிருந்து நடந்து வரும்போது எல்லாரும் இவர் காலைப் பார்த்துச் சிரித்தார்கள். குனிந்து பார்த்தேன். இடது காலில் பழுப்புச் செருப்பு, வலது காலில் கறுப்புச் செருப்பு. ஆயுசு முழுக்க ஜோடி பார்த்த மனுஷர். மானம் போயிற்று என்று வழி நெடுக நான் திட்டிக்கொண்டு வந்தேன், அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு காலையும் கேமரா முன்னால் தூக்கிக் காட்டிக்கொண்டு அவள் வருவதற்காக உட்கார்ந்திருந்தார்.