ஆறு பேருக்கு ஒரு சகன்

துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டலில் காலை வேலை செய்துகொண்டுதான் ஹோட்டல் முகாமைத்துவம் படித்தேன். வேலை செய்யும் மாணவர்கள் எழுத்துப் பரீட்சைக்குப் பதிலாக வேலையிடத்திலேயே செய்து காட்டலாம் என்று எங்கள் பீடத்தில் விதி இருந்தது. விருந்து பரிமாறும் பாடத்துக்கு அதைக் கேட்டேன். விரிவுரையாளர் படிவத்தை வாசிக்கவே இல்லை.

"அது எழுத ஏலாத ஆக்களுக்கு. நீர் எழுதும்."

எழுதினேன். கல்யாண விருந்தை ஒழுங்கு செய்வது எப்படி என்று கேள்வி. நான் கிண்ணியாக்காரி. எங்கள் முஸ்லிம் கல்யாணங்களில் பாய் விரித்து, பெரிய தட்டில் சோறு வைத்து, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுத்தான் சகன். அதை எழுதினேன். விடைத்தாளைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. 'புத்தகத்தில் இல்லை.' அந்த ஒரு பாடத்தால் பட்டம் நின்றது. பட்டத்தை நம்பி எனக்குப் பேசியிருந்த மேற்பார்வையாளர் வேலையும் நின்றது.

பல்கலைக்கழகத்தில் முறைப்பாடு கொடுத்தேன். இந்த முறை வேலையிடத்திலேயே செய்து காட்ட விடச் சொல்லி, வெளியிலிருந்து ஒரு பரீட்சகரையும் அனுப்பினார்கள். விருந்தை விரிவுரையாளரே தெரிவு செய்தார்: பீடத்துக்குக் காணி கொடுத்த கிண்ணியாப் பெரியவர்களுக்கு எங்கள் ஹோட்டலில் மதியச் சாப்பாடு. "புத்தகப்படி மட்டும்" என்றார்.

ஓம் என்றேன். கத்தி, முள்ளுக்கரண்டி, மடித்த துவாய், எல்லாம் புத்தகப்படி வைத்தேன். குசினிக்குள் சகன்களையும் பாய்களையும் ஒளித்து வைத்தேன்.

பெரியவர்கள் வந்தார்கள். மேசையைப் பார்த்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

"என்ன மகள், ஆளுக்கொரு பீங்கான்? நாங்க என்ன கோவமாவா இருக்கம்?" என்றார் ஒருவர்.

விரிவுரையாளர் வியர்த்துக்கொண்டு என்னிடம் வந்தார். பின்னால் பரீட்சகர்.

"சகன் இருக்கா?"

"சகனா சேர்? அது புத்தகத்தில இல்லையே."

"இருந்தால் வையும்."

"எப்பிடி வைக்கிறது? நீங்களே சொல்லுங்கோ, பரீட்சகரும் கேட்கட்டும்."

"ஆறு பேருக்கு ஒரு சகன்" என்றார். பரீட்சகருக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்ல வைத்தேன். பிறகுதான் ஒளித்து வைத்திருந்த பாய்களையும் சகன்களையும் வெளியே எடுத்தேன்.

சித்தியடைந்தேன். வேலையும் கிடைத்தது. இப்போது அந்த விரிவுரையாளர் வருடா வருடம் மாணவர்களை எங்கள் ஹோட்டலுக்குக் கூட்டி வருகிறார். சகன் பாடத்தை நான்தான் எடுக்கிறேன். அந்தச் சிவப்புக் கோட்டுக் கதையில்தான் தொடங்குவேன். அவர் முன்வரிசைக் கதிரையில் இருப்பார்.

போன முறை தனியாக வந்து, "அந்தக் கதையை இனி விடுங்கோவன்" என்றார்.

"ஏலாது, சேர்."